இரண்டு பக்கமும் விக்டோரியா தலை: அச்சுப் பிழையா? முடிசூட்டு, ஜூபிலி, தர்பார் பதக்கங்களின் அரசச் சின்னங்கள்

பழங்காசு:

நான்கு நினைவுப் பதக்கங்கள் ஒரே தொகுதியாகக் கிடைத்திருக்கின்றன. எல்லாமே பிரிட்டிஷ் அரச குடும்பம் சார்ந்தவை. நாணயங்களில் இருப்பதை ஓரளவு படித்துவிடுவேன். பதக்கங்களில் கிரீடம், கேடயம், லத்தீன் சுருக்கம், ரோமன் எண் என்று அடைத்து வைத்திருப்பதுதான் பிடிபடவில்லை.

அ) 38.5 மி.மீ., மேலே வளையம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் இடப்பக்கம் பார்க்கும் இரட்டைத் தலை, சுற்றிலும் பூமாலை. மறுபக்கம் முழுக்க உருது மாதிரி எழுத்து. மஞ்சள் நிறம். "தங்கம்" என்றார்கள்.

ஆ) 56 மி.மீ., பழுப்பு வெண்கலம். ஒரு பக்கம் முக்காடு போட்ட முதிய விக்டோரியா, மறுபக்கம் இளம் விக்டோரியா. "இரண்டும் தலைப்பக்கம், அச்சுப் பிழை, அபூர்வம்" என்றார்கள்.

இ) 38 மி.மீ., ஈயம் போன்ற சாம்பல் வெள்ளை, மேலே துளை. ஏழாம் எட்வர்டும் அலெக்ஸாண்ட்ராவும். முடிசூட்டு நாள் 1902 ஜூன் 26 என்று இருக்கிறது. நடந்தது ஆகஸ்டில் அல்லவா?

ஈ) 32 மி.மீ., பித்தளை. எட்டாம் எட்வர்டு முடிசூட்டு, 1937 மே 12. அவருக்கு முடிசூட்டே நடக்கவில்லையே!

எந்தச் சின்னத்தை நம்பிக் காலம் சொல்வது? அரசு வெளியீடு, கடைச்சரக்கு இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 'அ' தங்கமா என்று உரசாமல் பார்க்க வழி உண்டா? 'ஆ'வைத் துலக்கலாமா?

---

மெழுகுமுத்திரை:

முதலில் 'ஆ'. அது அச்சுப் பிழை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான். 1897 வைர ஜூபிலிக்கு ராயல் மின்ட் (பிரிட்டன் அரசின் நாணயச்சாலை) வெளியிட்ட அதிகாரப்பூர்வப் பதக்கம். முக்காடு போட்ட முதிய தலை தாமஸ் பிராக் செய்த உருவத்தை ஒட்டியது. மறுபக்க இளந்தலை, அவர் பட்டத்துக்கு வந்த காலத்தில் வில்லியம் வையன் செதுக்கியது. அடியில் 1837 என்று இருக்கும், பாருங்கள். தொடக்கமும் அறுபது ஆண்டு முடிவும் ஒரே தகட்டின் இரு முகமாக வர வேண்டும் என்பதுதான் எண்ணம்.

எழுத்துவரிகளும் அதையே சொல்கின்றன. முதிய பக்கத்தில் "விக்டோரியா தன் ஆட்சியின் அறுபதாம் ஆண்டை நலமாக நிறைவு செய்கிறார்" என்ற பொருளில் லத்தீன், கூடவே 1897 ஜூன் 20 ரோமன் எண்ணில். இளம் பக்கத்தில் "லாங்கிடுடோ டியெரும் இன் டெக்ஸ்டெரா எயுஸ் எத் இன் சினிஸ்ட்ரா குளோரியா". விவிலியத்தின் நீதிமொழிகள் 3:16: வலக்கையில் நீண்ட ஆயுள், இடக்கையில் புகழ். 'யு' வரவேண்டிய இடமெல்லாம் 'வி' வெட்டியிருப்பார்கள். அது பிழையல்ல, ரோமானியக் கல்வெட்டு நடையைப் பின்பற்றுவது. இந்தப் பதக்கம் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றிலும் பெரிய அளவில் வந்தது. 26 மி.மீ. அளவில் சின்னதும் உண்டு, அது தங்கத்திலும் வெள்ளியிலும் மட்டும். வெண்கலப் பெரியது நிறையவே புழங்குகிறது. "அபூர்வம்" என்று சொன்னவர் ஒன்று தெரியாமல் சொன்னார், அல்லது தெரிந்தே சொன்னார்.

'இ', 'ஈ' இரண்டுக்கும் ஒரே விளக்கம். தனியார் அச்சகங்கள் விழாவுக்குப் பல மாதம் முன்பே அச்சு வெட்டிவிடும். ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு 1902 ஜூன் 26 என்று குறித்திருந்தார்கள். இரண்டு நாள் முன்பு குடல்வால் நோய்க்காக அறுவை செய்ய வேண்டி வந்ததால் ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப் போனது. அதற்குள் கடைச்சரக்கெல்லாம் தயாராகிவிட்டது. ஆகவே ஜூன் 26 என்ற தேதி இருந்தால் அது முன்கூட்டி அடித்தது என்றுதான் பொருள். அபூர்வமும் அல்ல, போலியும் அல்ல. ராயல் மின்ட்டுக்காகச் சிற்பி டி சோல்ஸ் செதுக்கிய நினைவுப் பதக்கத்தில் ஆகஸ்ட் 9 சரியாக இருக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு: மார்பில் அணியக் கொடுத்த அதிகாரப்பூர்வ 1902 முடிசூட்டுப் பதக்கத்திலும் ஜூன் 26 தான் இருக்கிறது. "ஜூன் என்றால் தனியார், ஆகஸ்ட் என்றால் அரசு" என்று சூத்திரம் போட்டுக்கொண்டால் இங்கே சறுக்கும்.

எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரி 20இல் பட்டத்துக்கு வந்து, டிசம்பர் 11இல் விலகினார். குறித்திருந்த நாள் 1937 மே 12. அந்த நாளை வீணாக்காமல் தம்பி ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டினார்கள். அதனால் மே 12 என்ற ஒரே தேதியோடு அண்ணன் முகமும் இருக்கும், தம்பி முகமும் இருக்கும். அண்ணன் முகத்தோடு உள்ள முடிசூட்டுப் பதக்கம் எல்லாமே தனியார் வேலை. "நடக்காத விழாவின் பதக்கம், அதனால் அபூர்வம்" என்பது புதிதாகச் சேர்ப்பவர்களிடம் எடுபடும் பழைய வாதம். விலகலுக்கு முன்பே மூட்டை மூட்டையாக அடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் உண்மை.

படிக்கும் வரிசை பற்றி: கிரீடத்தில் தொடங்காதீர்கள். முதலில் எழுத்து, பிறகு தேதி, பிறகு கழுத்து வெட்டில் (தலை உருவம் கழுத்தோடு முடியும் விளிம்பில்) உள்ள கலைஞர் முத்திரை, அதற்குப் பிறகு கேடயம். கிரீடம் கடைசி. எழுத்தில் அடிக்கடி வருபவை இவை:

"டெய் கிராசியா", சுருக்கம் டி.ஜி.: இறையருளால். "ஃபிடெய் டிஃபென்சார்", எஃப்.டி.: விசுவாசத்தின் காவலர். 1521இல் போப் பத்தாம் லியோ எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்தது. பின்னால் ஹென்றி அதே திருச்சபையை விட்டு வெளியேறியும் பட்டத்தை மட்டும் விடவில்லை. "பிரிட் ஆம்ன்": எல்லா பிரிட்டன்களுக்கும், அதாவது கடல் கடந்த ஆட்சிப்பகுதிகளையும் சேர்த்து. ஏழாம் எட்வர்டு காலத்திலிருந்து வருகிறது. "இண்ட் இம்ப்": இந்தியாவின் பேரரசர் அல்லது பேரரசி. 1876 சட்டத்தால் வந்த பட்டம். பிரிட்டன் நாணயங்களில் 1893 முதல் தெரிகிறது. 1948 ஜூன் 22 பிரகடனத்தோடு விலக்கப்பட்டு, 1949 நாணயங்களில் காணாமல் போனது.

பின்னல் எழுத்தில் (அரசர் பெயர், பட்டம் இவற்றின் முதலெழுத்துகளைப் பின்னிய சின்னத்தில்) வரும் "வி.ஆர்.ஐ.", "ஜி.ஆர்.ஐ." என்பவற்றில் கடைசி 'ஐ' இந்தப் பேரரசுப் பட்டத்தைத்தான் குறிக்கிறது. 1935 வெள்ளி ஜூபிலி, 1937 முடிசூட்டு ஆகிய இரண்டு அணியும் பதக்கங்களின் பின்பக்கமும் ஜி.ஆர்.ஐ. தான். விக்டோரியாவுக்கு 'ஆர்' ரெஜினா, ஆண்களுக்கு ரெக்ஸ். எழுத்து ஒன்றே.

---

மூன்றாம்வளைவு:

மெழுகுமுத்திரை சொன்ன வரிசை சரி. ஆனால் கிரீடத்தை அவ்வளவு ஒதுக்க வேண்டாம். பின்னல் எழுத்தின் மேலோ கேடயத்தின் மேலோ உட்கார்ந்திருக்கும் கிரீடம் காலம் சொல்லும். தலையில் சூடியிருக்கும் கிரீடம்தான் குழப்பும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

சின்னமாக வரும் கிரீடத்தில் வளைவுகளின் உச்சியைக் கவனியுங்கள். நடுவில் பள்ளமில்லாமல் உருண்டையாக எழுந்து நின்றால் டியூடர் வடிவம். ஏழாம் எட்வர்டு 1901இல் இதை நிலைப்படுத்தினார். ஆறாம் ஜார்ஜ் வரை அதுவே. சேகரிப்பாளர்கள் "ராஜா கிரீடம்" என்பது இதைத்தான். நடுவில் அமுங்கி இரண்டு தோள் போல வளைந்தால் புனித எட்வர்டு கிரீட வடிவம், "ராணி கிரீடம்". இது இரண்டாம் எலிசபெத் காலம். மூன்றாம் சார்லஸ் 2022இல் மறுபடி டியூடர் வடிவத்துக்குப் போய்விட்டார். ஆக, உருண்டை வளைவு என்றாலே பழையது என்று இனிமேல் சொல்ல முடியாது. விக்டோரியா காலத்தில் ஒரே வடிவம் என்று கிடையாது, பல மாதிரி வரைந்திருக்கிறார்கள். 1901க்கு முந்தைய பதக்கத்துக்கு இந்தச் சோதனை உதவாது.

தலையில் உள்ள கிரீடம் வேறு கதை. புனித எட்வர்டு கிரீடம் 2.23 கிலோ. அறுவையிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஏழாம் எட்வர்டு அதைச் சூடவில்லை, இலகுவான இம்பீரியல் ஸ்டேட் கிரீடத்தால்தான் முடிசூட்டினார்கள். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் புனித எட்வர்டு கிரீடத்துக்குத் திரும்பினார். ராணி மேரியின் கிரீடத்தில் எட்டு அரைவளைவுகள். பிரிட்டிஷ் வழக்கத்துக்கு அது புதிது. இவை எல்லாம் 56 மி.மீ. பதக்கத்தில் தெரியும். 32 மி.மீ. தனியார் பித்தளையில் செதுக்கியவர் தன் கைக்கு வந்ததைப் போட்டிருப்பார், அதை வைத்து ஆராய்ச்சி செய்யக் கூடாது.

1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாருக்கென்றே தனியாக ஒரு கிரீடம் செய்தார்கள். லண்டன் கோபுரத்து அரச அணிகலன்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்பதால் வந்த ஏற்பாடு. ஐந்தாம் ஜார்ஜ் அதைச் சூடியது அந்த ஒரே நாள். 1911 என்று தேதி இருந்தாலே "இதில் இருப்பது தர்பார் கிரீடம்" என்று விளக்கம் எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். 1911இல் இரண்டு நிகழ்ச்சி: ஜூன் 22 வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு, டிசம்பர் 12 டெல்லியில் தர்பார். ஆண்டை மட்டும் படித்தால் போதாது, மாதத்தையும் பாருங்கள்.

விக்டோரியாவின் 1887 ஜூபிலி உருவத்தில் உச்சந்தலையில் குட்டிக் கிரீடம் ஒன்று நிற்கும். தும்மினால் விழுந்துவிடும் போல இருக்கிறது என்று அன்றே கேலி செய்தார்கள். அது போம் என்ற சிற்பியின் கற்பனை இல்லை. முக்காட்டின் மேல் வைத்துக்கொள்ள 1870இல் செய்த உண்மையான சிறு வைரக் கிரீடம்தான். பழிதான் சிற்பிக்கு.

கேடயத்துக்கு வருவோம், இது கிரீடத்தைவிட நம்பகமானது. நான்கு கட்டம்: முதலும் நான்கும் இங்கிலாந்து, நடந்தபடி முகத்தை நம் பக்கம் திருப்பிய மூன்று சிங்கங்கள். இரண்டாவது ஸ்காட்லாந்து, பின்னங்காலில் நிமிர்ந்த ஒற்றைச் சிங்கம், சுற்றி இரட்டைக் கோட்டு வேலி. மூன்றாவது அயர்லாந்தின் யாழ். 1837 முதல் இன்றுவரை இதே அடுக்கு. நடுவில் சின்னக் கேடயம் ஒன்று கூடுதலாக இருந்தால் 1801–1837: ஹனோவர், அதாவது பிரிட்டிஷ் அரசரே அப்போது ஆண்ட ஜெர்மன் நாடு. விக்டோரியா பெண் என்பதால் ஹனோவர் சட்டப்படி அந்த நாடு அவருக்கு வரவில்லை, கேடயமும் போனது. எங்காவது ஒரு கட்டத்தில் பிரான்ஸின் லில்லிப் பூ தெரிந்தால் 1801க்கு முந்தையது. ஸ்காட்லாந்து வெளியீடுகளில் நிமிர்ந்த சிங்கம் முதல் கட்டத்துக்கு வந்துவிடும். கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் சிங்கமும் இடம் மாறும். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

கேடயத்தைச் சுற்றிய வார்ப்பட்டையில் "ஓனி ஸ்வா கி மால் இ பான்ஸ்": தீயது நினைப்பவனுக்கே வெட்கம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரப்பட்டமான கார்ட்டர் விருதின் வாசகம். கீழே நாடாவில் "டியூ எ மோன் த்ருவா": இறைவனும் என் உரிமையும். இரண்டையும் ஒரே வாசகமாகச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள், அவை வேறு வேறு.

கழுத்தணி மாலையையும் லென்ஸில் பாருங்கள். ரோஜாவும் முடிச்சும் மாறி மாறி வந்தால் கார்ட்டர் மாலை. யானை, மயில், தாமரை வந்தால் இந்தியப் பேரரசு விருதின் மாலை. 1911 ரூபாய்க் காசில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த அந்த யானைதான் வம்பில் மாட்டியது. தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு வந்து காசைத் திரும்பப் பெற்றார்கள். 1912இல் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத உருவம்!

தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற விதி (ஒவ்வோர் ஆட்சிக்கும் மாறும்) நாணயத்துக்கு. ஏழாம் எட்வர்டு வலம், ஐந்தாம் ஜார்ஜ் இடம். எட்டாம் எட்வர்டு தன் இடப்பக்க வகிடு தெரிய வேண்டும் என்று விதியை மீறி இடப்பக்கமே கேட்டார். ஆறாம் ஜார்ஜ், அண்ணன் வலம் பார்த்ததாகவே பாவித்து, இடம் பார்த்தார். பதக்கம் அடிப்பவர்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. திசையை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

---

மெழுகுமுத்திரை:

கிரீடம் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். 'அ' விட்டுப்போயிற்று, அதைச் சொல்கிறேன்.

விவரம் 1911 டெல்லி தர்பார் பதக்கத்துக்குப் பொருந்துகிறது. எழுத்து உருது அல்ல, பாரசீகம். "இந்தியாவின் பேரரசர், பிரிட்டிஷ் நிலங்களின் தலைவர் ஐந்தாம் ஜார்ஜின் தர்பார்" என்ற பொருள். பாரசீகம் ஏன்? அது முகலாய அரசவை மொழி. தர்பார் என்ற சடங்கே முகலாயரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். ரூபாய்க் காசிலும் ஆறாம் ஜார்ஜ் காலம் வரை "யக் ருப்யா" என்று பாரசீகத்தில் இருந்தது. நிர்வாகத்தில் அந்த மொழி பின்னுக்குப் போய்ப் பல தலைமுறை ஆன பிறகும், "முந்தைய பேரரசின் வாரிசு நாங்கள்" என்று காட்ட அது தேவைப்பட்டது.

மூன்று தர்பார் பதக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நோக்கம் இன்னும் தெளிவாகும். 1877: 58 மி.மீ., கழுத்தில் அணிவது, ஓரத்தில் பொன்னிறம் கொண்ட கருஞ்சிவப்பு நாடா. முக்காடும் கிரீடமுமாக விக்டோரியா. பின்பக்கம் ஆங்கிலம், பாரசீகம், இந்தி மூன்றிலும் பேரரசிப் பட்டம், "கைசர்-இ-ஹிந்த்". 1903: 38.5 மி.மீ., மார்பில் அணிவது, எட்வர்டு தனியாக. "தர்பார்" என்பதை ஆங்கிலத்தில் வழக்கமான DURBAR என்று எழுதாமல் DARBAR என்று எழுதியிருப்பார்கள், அது பிழையல்ல. அவர் நேரில் வரவில்லை, தம்பி கன்னாட் கோமகன் வந்தார். 1911: அரசரும் அரசியும் நேரில் வந்தார்கள், பதக்கத்திலும் இருவர். மூன்றிலும் பாரசீகம் மட்டும் விடாமல் தொடர்கிறது.

1911 பதக்கம் தங்கத்தில் 200, வெள்ளியில் 26,800. தங்கம் சமஸ்தான மன்னர்களுக்கும் உயர்மட்ட அதிகாரிகளுக்கும் போனது. பெற்றவர் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள், ஆகவே விளிம்பில் பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெயர் இருந்தால் பின்னால் யாரோ வெட்டிக்கொண்டது. நாடா கருநீலம், நடுவில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடு. 1911 முடிசூட்டுப் பதக்கத்துக்கும் அதே நாடாதான், ஆனால் அது 32 மி.மீ. முடிசூட்டுப் பதக்கம் ஏற்கெனவே பெற்றவர் தர்பாருக்கும் வந்திருந்தால் இரண்டாவது பதக்கம் கிடையாது, "டெல்லி" என்று எழுதிய வெள்ளிப் பட்டை மட்டும். இரண்டையும் ஒரே ஆளுக்கு உரியதாக ஒரே கம்பியில் கோத்து விற்றால் சந்தேகப்படுங்கள்.

---

தராசு:

'அ'வைக் கல்லில் உரசாதீர்கள். தேவையானவை 0.01 கிராம் காட்டும் தராசு, கண்ணாடிக் குவளை, மெல்லிய நைலான் நூல்.

நாடாவைக் கழற்றிவிட்டு உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குவளையில் நீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது பதக்கத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

ஸ்டெர்லிங் வெள்ளி 10.3–10.4. வெண்கலமும் செம்பும் 8.8–8.95. பித்தளை 8.4–8.7. வெள்ளீயக் கலவை 7.3 சுமார். அலுமினியம் 2.7. 18 காரட் தங்கம் 15க்கு மேல், 22 காரட் 17.7 அளவில்.

பிழை வருவது பெரும்பாலும் குமிழியால். எழுத்துக்குள்ளும் வளையத்தின் அடியிலும் காற்று ஒட்டிக்கொண்டால் கன அளவு கூடி அடர்த்தி குறைவாக வரும். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டு, பதக்கத்தை ஒருமுறை ஆட்டி எடுத்தால் போய்விடும். அடியில் தொட்டுவிட்டால் தராசு முழு எடையையும் காட்டத் தொடங்கும், விடை அர்த்தமில்லாமல் போகும். மூன்று முறை செய்து, மூன்றும் 0.02க்குள் வந்தால் மட்டும் நம்புங்கள்.

எனாமல் பூசியதையும், அரக்கு வார்னிஷ் பூசியதையும், பொந்துள்ள உறைவகைப் பதக்கத்தையும் நீரில் போடக் கூடாது. 'ஆ'வுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். நகல் செய்பவனும் வெண்கலத்தில்தான் செய்வான், எண் ஒன்றும் சொல்லாது.

நகலைப் பிடிக்க விட்டம்தான் சிறந்த வழி. அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். 38.5 இருக்க வேண்டியது 37.9 காட்டினால் வார்ப்பு. தேய்மானம் எடையையும் எழுத்தின் உயரத்தையும் குறைக்குமே தவிர விட்டத்தை அந்த அளவு குறைக்காது. நான்கு திசையில் அளந்து பாருங்கள், பிளாஸ்டிக் தாடையுள்ள காலிப்பர் நல்லது, உலோகத் தாடை விளிம்பில் கோடு போடும். பிறகு 10 மடங்கு லென்ஸ்: வார்ப்பில் தளம் ஊசிக்குத்து போலப் பொரிந்திருக்கும், விளிம்பில் அரம் போட்ட தடம் இருக்கும், எழுத்தின் கால் தளத்தோடு சேரும் இடம் மழுங்கியிருக்கும். அடித்த பதக்கத்தில் அந்த மூலை கூராக இருக்கும். தர்பார் பதக்கத்துக்குக் கூடுதல் வசதி, பாரசீக எழுத்தின் புள்ளிகள். நகலில் முதலில் கரைவது அவைதான். இரண்டு புள்ளி ஒன்றாக ஒட்டியிருந்தால் போதும், மேலே பார்க்க வேண்டியதில்லை.

விளிம்பில் ஹால்மார்க் இருந்தால் (நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங், நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன்) கூடவே ஆண்டு எழுத்தும் இருக்கும். அது தனியார் வெள்ளிப் பதக்கங்களுக்கு அருமையான சாட்சி. 1897, 1902, 1911, 1935 ராயல் மின்ட் வெள்ளியில் ஹால்மார்க்கை எதிர்பார்க்காதீர்கள்.

---

பழங்காசு:

நன்றி. 'அ' உலர்ந்து 30.90 கிராம். நீரில் மூன்று முறை: 2.99, 2.99, 3.00. விட்டம் நான்கு திசையிலும் 38.5. புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. வளையத்தின் உள்பக்கம் மஞ்சள் தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது.

'ஆ'வில் பச்சைப் பசை மாதிரி ஒன்று படிந்திருக்கிறது. பிளாஸ்டிக் பையில்தான் இருந்தது. 'இ'யில் கொப்புளம். எதைச் செய்யலாம்?

---

தராசு:

10.3 வருகிறது. வெள்ளி, மேலே முலாம். இந்தக் கன அளவுக்கு 18 காரட்டாக இருந்தால்கூட 45 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். விற்றவர் தங்கம் என்றது தவறு, ஆனால் பதக்கத்தில் குறை தெரியவில்லை. முலாமை எடுக்க முயலாதீர்கள். கீழே உள்ள பாரசீக வரிகளும் சேர்ந்து தேயும்.

---

மூன்றாம்வளைவு:

'ஆ'வின் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. மின்ட்டிலேயே இரசாயன முறையில் ஏற்றிய நிறம். பித்தளைப் பாலிஷ், பற்பசை, புளிப்பான எதுவும் பட்டால் அது போய்ச் செம்பு மினுங்கும். மறுபடி வராது. முக்காட்டின் மடிப்பு நிழலெல்லாம் அந்த நிறத்தால்தான் தெரிகிறது. துலக்கிய பதக்கத்தில் விக்டோரியா முகம் தட்டையாகத் தெரிவது அதனால்தான்.

பசை போல ஒட்டுவது பிவிசி பையிலிருந்து கசிந்த இளக்கிப் பொருள். தூய அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் மணமும் சேர்த்திருப்பார்கள்) கண்ணாடிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் தானாக உலர விடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. அரக்குப் பூச்சு இருந்தால் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும், அதனால் முதலில் விளிம்பில் பஞ்சுக்குச்சி நுனியால் தொட்டுப் பாருங்கள்.

பசையாக இல்லாமல் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது வெண்கல நோய். குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளே அரிப்பது. அசிட்டோன் அதற்குப் பயன்படாது. மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் வைத்து, பழகியவரிடம் கொடுங்கள்.

'இ' வெள்ளீயக் கலவை. கொப்புளத்தின் கீழே அரிப்பு இருக்கிறது, குத்தி எடுத்தால் பள்ளம்தான் மிஞ்சும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

வைப்பதற்கு மைலார் (பாலியெஸ்டர் தாள்) உறை அல்லது அமிலமற்ற காகிதம். ரப்பர் பேண்டும் கம்பளித்துணியும் கந்தகம் விடும், வெள்ளி கறுக்கும். 'அ'வின் வெள்ளை தெரியும் இடம் முதலில் கறுத்துக் காட்டும்.

---

அச்சுமுனை:

தாமதமாக வந்தேன், ஒரு சின்னச் சேர்க்கை. 'ஈ' போன்ற பித்தளைகளில் கழுத்து வெட்டையும் விளிம்பையும் சாய்வொளியில் பாருங்கள். விளக்கை மேசை மட்டத்திலிருந்து 15 பாகை உயரத்தில், பதக்கத்தின் பத்து மணித் திசையில் வைத்தால் நேரொளியில் மறையும் குட்டி எழுத்துகள் எழும். அதிகாரப்பூர்வமானவற்றில் BM என்றால் சிற்பி பெர்ட்ரம் மெக்கெனல், PM என்றால் சிற்பி பெர்சி மெட்கால்ஃப். தமிழில் எழுதும்போது இரண்டும் "பி.எம்." என்று ஒன்றாகிவிடும், ஆங்கில முதலெழுத்து வேறு. மெக்கெனல் 1911, மெட்கால்ஃப் 1935, 1937. ஆண்டை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மெட்கால்ஃபின் 1935 பெரிய பதக்கத்தில் வின்சர் கோட்டையும் "ஸ்டெட் ஃபோர்ச்சுனா டோமுஸ்" (இக்குடியின் நற்பேறு நிலைப்பதாக) என்ற வரியும் இருக்கும். அடுத்த ஆண்டே அந்தக் குடியில் மூத்த மகன் பட்டத்தைத் துறந்தார். பழங்காசின் 'ஈ' அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய துண்டு.